கோடாரி பிடித்தவன் எங்கே?

ழான்-பியர் மெல்வில்லின் 'லெ செர்க்ல் ரூஜ்' (சிவப்பு வட்டம், 1970) பிரெஞ்சுப் படத்தில் நகைக்கடைக் கொள்ளை சுமார் 25 நிமிடம், பேச்சே இல்லாமல் நடக்கும். திருடனின் கைவேலையை அவ்வளவு பொறுமையாகப் பார்க்கிறது கேமரா. துரத்துகிற போலீஸ்காரருக்கும் அதே மரியாதைதான்.

'புஷ்பா'வும் (2021) திருடன்-போலீஸ் கதைதான், செம்மரக் கடத்தல். கூலியாகத் தொடங்கும் நாயகன் மேலே ஏறியதும், மரம் வெட்டுகிறவன் கூட்டத்தில் ஒருத்தனாகிவிடுகிறான். எங்க சந்தவாசல் பக்கம் இது வெறும் படம் இல்லைங்க. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்ற 20 தமிழர்களில் பாதிக்கு மேல் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு.

புஷ்பாவுக்கு விசில் அடிக்கலாம், தப்பில்லை. ஆனா கூலிக்குப் போனவன் கதையை மெல்வில்லின் பொறுமையோடு யாராவது எடுக்கணும்.