முதலில் தரையைத் தொடுவது எது?

கால் தடுக்கி விழுகிறவர் கையைத்தான் முதலில் ஊன்றுகிறார். பாறையைப் பற்றி ஏறும்போதும், முள்செடியை விலக்கும்போதும், படகின் விளிம்பைப் பிடிக்கும்போதும் முன்னால் போவது கைதான். உடம்பில் இப்படி ஓயாமல் இடிபடும் இடமாகப் பார்த்து, மிக நுண்ணிய பொறி ஒன்றைக் கட்டிக்கொண்டு மலையேறப் போகிறோம். யோசித்தால் விசித்திரமான வழக்கம். சங்கிலியோடு சட்டைப்பையில் கிடந்த காலத்தில் கடிகாரத்துக்கு இந்தப் பாடு இல்லை.

காடு, மலை என்று அலைகிறவர் வாட்ச் வாங்கப் போனால், “நல்லா கெட்டியா இருக்கும் சார்” என்று கடைக்காரர் சொல்வார். அந்தக் கெட்டியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. எத்தனை கெட்டியான பொருளுக்கும் அதைவிடக் கெட்டியான பாறை ஒன்று எங்கோ காத்திருக்கிறது. நான் பார்ப்பது வேறு: அடி விழும்போது எந்த உறுப்பு முன்னால் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று செய்தவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்களா? யோசித்திருந்தால் அது வாட்ச்சின் விளிம்பில், பட்டனில், வாரின் வளைவில் எல்லாம் தெரியும்.

கேசியோவின் ஜி-ஷாக் வரிசையில் சதுர முகம் கொண்ட டிடபிள்யூ-5600ஐ எடுத்துக்கொள்வோம். கருப்பு ரெசின், சாம்பல் நிறத் திரை. கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடி மேசையைத் தொடாது. சுற்றியிருக்கும் உறை கண்ணாடியைவிட இழையளவு உயர்ந்து நின்று முழு எடையையும் தாங்கிக்கொள்கிறது. பக்கவாட்டில் நிறுத்துங்கள். பட்டன்கள் மேசையில் படாது. உறையின் மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் அவை பதுங்கியிருக்கின்றன. இனி மல்லாக்க வையுங்கள். இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. வார் உறையிலிருந்து தொளதொளவென்று தொங்குவதில்லை. விறைப்பாக வெளியே வந்து கீழ்நோக்கி வளைகிறது. அந்த வளைவு தரையில் ஊன்றிக்கொள்ள, பின்மூடி அந்தரத்தில் நிற்கிறது. மணிக்கட்டில் கட்டுவதற்காக மட்டும் வைத்த வார் அல்ல அது. வாட்ச்சின் முதுகைக் காக்கும் காவலாளும் அதுவே. எந்தப் பக்கமாக விழுந்தாலும் முதலில் தரையைத் தொடுவது ரெசின்தான், கண்ணாடியோ உலோகமோ அல்ல.

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததல்ல. கிகுவோ இபே என்ற கேசியோ பொறியாளர் வைத்திருந்த வாட்ச், அவருடைய தந்தை கொடுத்தது, தவறி விழுந்து சிதறிப்போனது. அதன்பிறகு, 1981இல், கீழே போட்டாலும் உடையாத வாட்ச் செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரியில் நிறுவனத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார். எப்படிச் செய்வது என்பதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இன்றைய அலுவலகங்களில் இப்படி ஒரு வரித் திட்டத்தை யார் ஏற்பார்கள் என்று தெரியவில்லை, அன்று ஏற்றார்கள். இலக்கு மூன்று பத்துகள்: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஓட வேண்டும், 10 பார் நீர் அழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 ஆண்டு உழைக்க வேண்டும்.

10 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சாதாரண வாட்ச்சுகள் அதிர்ச்சி தாங்குபவை என்று பெயர் வாங்குவதற்கான ஐஎஸ்ஓ 1413 தரம் எதிர்பார்ப்பது, கடினமான மரத்தரையில் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான அடியை மட்டுமே. இபே கேட்டது அதைப்போல் பத்து மடங்கு ஆற்றலைத் தாங்கும் பொருள். பரிசோதனைச் சாலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆய்வு மையத்தின் மூன்றாவது மாடிக் கழிப்பறை ஜன்னல்தான். அங்கிருந்து போடுவார், கீழே ஓடிப்போய் எடுப்பார், என்ன உடைந்தது என்று பார்ப்பார், மறுபடி மேலே ஏறுவார்.

முதலில் ரப்பரைச் சுற்றிக்கொண்டே போனார். உடையாமல் இருந்தது, ஆனால் கையில் கட்ட முடியாத பந்தாகிவிட்டது. பிறகு அதிர்ச்சியை ஐந்து அடுக்குகளில் தணிக்கும் முறைக்கு வந்தார், அளவு சுருங்கியது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதாவது ஒரே ஓர் உறுப்பு போய்விடும். திரையைப் பலப்படுத்தினால் கம்பிச்சுருள் அறுந்தது, அதைச் சரிசெய்தால் குவார்ட்ஸ் படிகம் உடைந்தது. 200க்கும் மேற்பட்ட மாதிரிகள் இப்படிப் போயின. கைவிடும் நிலையில் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சிறுமி பந்தைத் தட்டி விளையாடுவதைப் பார்த்ததாகவும், அந்தப் பந்துக்குள் வாட்ச்சின் இயந்திரம் மிதப்பதுபோல் தோன்றியதாகவும் அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

நம் ஊரில் பிறந்திருந்தால் அவர் பூங்காவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை, தென்னந்தோப்பில் நின்றிருந்தாலே போதும். மட்டையோடு மரத்திலிருந்து விழும் தேங்காய் உருண்டு போய்க் கிடக்கும். மட்டையை உரித்துவிட்டால் கல்லில் ஒரு தட்டுக்கு இரண்டாகிறது. ஜி-ஷாக்கில் ரெசின் உறைதான் மட்டை. அதற்குள் கூடு, கூட்டுக்குள் இயந்திரம். இயந்திரம் கூட்டோடு இறுகப் பொருந்துவதில்லை. மெத்தென்ற சில புள்ளிகள் மட்டும் தாங்க, சுற்றிலும் வெற்றிடம் விட்டு நிற்கிறது. அடி உறையில் பாதி கரைந்து, கூட்டில் கொஞ்சம் கரைந்து, வெற்றிடத்தைத் தாண்ட வழியின்றி நின்றுபோகிறது. இடம் மிச்சப்படுத்துவதையே தொழிலாகக் கொண்ட கடிகாரக்காரர்கள், ஒன்றுமில்லாத இடத்தை ஓர் உறுப்பாகவே சேர்த்தார்கள் என்பதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

1983 ஏப்ரலில் டிடபிள்யூ-5000சி என்ற பெயரில் முதல் ஜி-ஷாக் வந்தது. மறு ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவர் அதை ஆட்டத்தின் வட்டுக்குப் பதிலாக வைத்து மட்டையால் ஓங்கி அடித்தார். பொய் விளம்பரம் என்று புகார் கிளம்ப, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உண்மையாகவே அடித்துப் பார்த்தார்கள், வாட்ச் ஓடியது. அதன் தம்பியான டிடபிள்யூ-5600சி பின்னாளில் நாசாவின் விண்வெளிப் பயணத் தகுதியும் பெற்றது. ‘ஸ்பீடு’ படத்தில் கியானு ரீவ்ஸ் கையில் இருப்பதும் அதுதான்.

பட்டன்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நேரத்தை மாற்றும் பட்டன் மற்றவற்றைவிட ஆழத்தில் இருக்கிறது, நகத்தை நுழைத்தால்தான் அகப்படும். எரிச்சலாக இருக்கும். ஆனால் பையின் வாரை இழுக்கும்போதோ, கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கும்போதோ நேரம் தானாக மாறிப்போகாது. அடிக்கடி வேண்டாததை எட்டாத இடத்தில் வைத்தவர், விளக்குப் பட்டனை மட்டும் கட்டைவிரல் தேடாமலேயே போய்ச் சேரும் இடத்தில் வைத்தார்.

எண்களைவிட முட்களில் மணி பார்க்கப் பிடிக்கும் என்கிறவர்களும் உண்டு. நானும் பாதி அந்தக் கட்சி. வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை முள் காட்டும் கோணத்தில் ஒரே பார்வையில் உணரலாம். அவர்களுக்கு முக்குளிப்பவர்களின் டைவர் வாட்ச்தான் காட்டுக்கும் தோது. அதிலும் அதே யோசனை வேறு வேடத்தில் இருக்கிறது.

முகத்தைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். இடப்பக்கமாக மட்டும், கடக் கடக் என்று ஒவ்வொரு பல்லாகச் சுற்றும்; வலப்பக்கம் அசையாது. நீரில் இறங்கும்போது வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே வைப்பார்கள். பிறகு முள் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு நிமிடம் கழிந்தது என்று கணக்கு. பாறையில் உரசி வளையம் நகர்ந்துவிட்டால்? இடப்பக்கமாகத்தான் நகர முடியும், அப்போது கழிந்த நேரம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். 20 நிமிடம் ஆகியிருக்கும்போது 23 என்று காட்டும். மூழ்கியவர் சீக்கிரம் மேலே வருவார், காற்று தீர்ந்து தவிக்க மாட்டார். தவறு நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியாது என்று ஒப்புக்கொண்டு, நடக்கிற தவறு உயிரைக் காக்கும் பக்கமாகவே நடக்கட்டும் என்று பற்களைச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள். இருட்டுவதற்குள் அடிவாரம் சேர வேண்டிய மலையேறிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

சீகோ நிறுவனத்துக்கு 1968இல் ஹிரோஷிமா மாகாணத்துக் குரே நகரைச் சேர்ந்த ஆழ்கடல் தொழிலாளி ஒருவர், உங்கள் வாட்ச் எங்கள் வேலைக்குத் தாங்கவில்லை என்று கடிதம் எழுதினார். பதில் 1975இல் டைட்டானியம் கூட்டோடும் அதற்கு மேல் ஒரு வெளிக்கவசத்தோடும் 600 மீட்டர் டைவர் வாட்சாக வந்தது. ஏழு ஆண்டு கழித்து வந்த அந்தப் பதிலில் என்னைக் கவர்ந்தது வார். ஆழத்துக்குப் போகப் போக நீரழுத்தத்தில் முக்குளிக்கும் உடை நசுங்கி மெலிகிறது. மேலே இறுக்கமாகக் கட்டிய வாட்ச் கீழே தொளதொளத்துக் கையைச் சுற்றிவரும். அதற்காக வாரில் துருத்தி மடிப்புகள் வைத்தார்கள். மேலே கட்டும்போது மடிப்பு விரிந்திருக்கும், ஆழத்தில் தானே சுருங்கி இறுக்கிக்கொள்ளும். மேலே வந்தால் பழையபடி விரியும். இன்றும் பல டைவர் வாட்ச் வார்களில் அந்த அலை மடிப்பு இருக்கிறது. எதற்கென்று தெரியாமலே பலர் அழகுக்கு என்று நினைத்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

கண்ணாடி விஷயத்தில் ஆளுக்கொரு கட்சி. சஃபயர் கண்ணாடி மோஸ் கடினத்தன்மை அளவில் 9. மணலிலும் நம் மலைக் கருங்கல்லிலும் உள்ள குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி அதற்கும் கீழே. எனவே மணலும் கல்லும் சாதாரணக் கண்ணாடியைக் கீறும், சஃபயரைக் கீறாது. ஆனால் கீறாதது நொறுங்கும். கூரான கல்முனையில் மோதினால் சில்லுசில்லாகிச் சில்லுகள் முட்களுக்குள் புகுந்துகொள்ளும். பிளாஸ்டிக் வகையான அக்ரிலிக் உடனே கீறிவிடும், ஆனால் சில்லாகத் தெறிக்காது. 1965இல் நாசா தேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது அதுதான். எடையற்ற கூண்டுக்குள் கண்ணாடித் தூள் மிதந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே காரணம் புரியும். கீறலைப் பற்பசை வைத்துத் தேய்த்தே போக்கிவிடலாம். எனக்குக் கீறல் பெரிய குறையல்ல, அதனால் விலை ஏற்றிச் சஃபயர் வாங்கச் சொல்லி யாரையும் தூண்ட மாட்டேன்.

சாவி கொடுக்கும் வாட்ச்சுக்குள் அடி தேடிப்போகும் இடம் ஒன்றுதான்: பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் அதன் கனம். 1934இல் வந்த இன்காபிளாக் என்ற ஏற்பாட்டில், அந்த முனையைத் தாங்கும் கல்லை இறுக்கிப் பதிக்காமல் யாழ் வடிவ வில் ஒன்றின் கீழ் உட்காரவைத்தார்கள். அடிபட்டால் கல் விலகிக் கொடுக்கும். அச்சின் தடித்த தோள்பகுதி சட்டத்தில் மோதி அடியை வாங்கிக்கொள்ளும். வில் கல்லைப் பழைய இடத்துக்கே தள்ளும். பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறக்கும்போது லென்ஸை வாங்கிப் பாருங்கள். பொன்னிறத்தில் எள்ளளவு யாழ் தெரியும்.

நீர் பற்றி ஒன்று மட்டும். டயலில் 50 மீட்டர் என்று போட்டிருந்தால் 50 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளல்ல. ஆய்வுக்கூடத்தில் அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்த கணக்கு அது. ஆற்றில் நீந்த 100 மீட்டர் என்று போட்டதை வாங்குங்கள்.

எல்லா யோசனையும் முடிந்தபின்னும் வாட்ச்சைக் கையோடு பிணைப்பது இரண்டு மெல்லிய ஸ்பிரிங் பார்கள்தான். ஒன்று கழன்றால் வாட்ச் பள்ளத்தாக்கில். 1973இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் வகுத்த சாம்பல்நிற நைலான் வார், இன்று நேட்டோ ஸ்ட்ராப் என்று விற்பது, இரண்டு பார்களுக்கும் அடியில் ஒரே நாடாவாக ஓடுகிறது. ஒரு பார் போனாலும் மற்றதில் வாட்ச் தொங்கிக்கொண்டிருக்கும். கூடவே இருக்கும் குட்டி நாடாத்துண்டு எதற்கு என்று கேட்பார்கள். வாட்ச் நாடாவில் வழுக்கி ஓடாமல் நிறுத்தத்தான்.

சதுர ஜி-ஷாக்குக்கும் குறைகள் உண்டு. கடுங்குளிரில் திரவப் படிகத் திரை சோம்பிப்போய் எண்கள் மெல்ல மாறும். சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தால் உடல் சூட்டில் சுறுசுறுப்பாகும். இரவில் ஒரு கையில் தடி இருக்கும்போது மணி பார்க்க விளக்குப் பட்டனுக்கு மறு கை வேண்டும். ஒளிரும் முட்கள் கொண்ட டைவர் வாட்ச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதைவிடப் பெரிய குறை ரெசினுடையது. அது பாலியூரிதேன், ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து, வருடங்கள் போனால் விறைத்து வெடித்து உதிரும். நம் கடலோர ஊர்களின் புழுக்கமும் வியர்வையும் அதற்கு நல்லதல்ல. உறையும் வாரும் தனியாகக் கிடைக்கின்றன, சின்னத் திருகாணிகளைக் கழற்றி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் கூடும் இயந்திரமும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பிற்காலத்துக்கு ஆகட்டும் என்று உறைகளை இப்போதே வாங்கிப் பீரோவில் அடுக்கி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கட்டாமல் வைத்தாலும் காற்றின் ஈரம் அங்கேயும் போய்ச் சேரும். தேவைப்படும்போது வாங்கிக்கொள்வதே மேல்.