ஆல் உருபும் ஓடு உருபும்: மெய்ரா பைபி குறித்த தமிழாக்கங்கள்

மணிப்பூரின் ஆயுத மோதல், குடி, இல்லத்தில் பெண்கள்மீது நிகழும் வன்முறை ஆகிய மூன்றையும் இணைத்துப் பேசும் ஆங்கில எழுத்துகள் தமிழுக்கு வரும்போது, அவற்றின் வாதம் ஒரு வேற்றுமை உருபில் சிக்கிக்கொள்கின்றது. 'மோதலால் குடி பெருகிற்று. குடியால் வன்முறை பெருகிற்று' என்னும் வாய்பாட்டில் அது அடங்கிவிடுகின்றது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு ஆகிய பொருள்களை நன்னூலார் கூறுவார். இன்றைய வழக்கில் ஆல் முதலிரண்டிற்கும் ஓடு மூன்றாவதற்கும் உரியன. ஆய்வுகள் பெரும்பாலும் உடனிகழ்வைக் காட்ட, தமிழாக்கமோ கருத்தாவைத் தந்துவிடுகின்றது. அடித்தவன் தொடரைவிட்டு வெளியேற, அவனிடத்தில் குடி வந்து அமர்கின்றது.

பேச்சுவழக்கு இதில் துல்லியமானது. 'குடித்துவிட்டு அடித்தான்' என்னும்போது எச்சமும் முற்றும் ஒரே வினைமுதலை வேண்டுகின்றன. குடித்தவனே அடித்தவன், தப்ப வழியில்லை. 'குடியால் நேரும் வன்முறை' என்னும் எழுத்துநடைதான் அவனுக்கு வழிவிடுகின்றது.

மணிப்பூர் இயக்கங்களின் பெயர்களும் இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கன. 1970களின் நடுப்பகுதியில் மெய்தேய்ப் பெண்கள் இரவில் தெருக்களைக் காவல்செய்து குடிகாரர்களைப் பிடித்துத் தண்டம் விதித்தனர். இது 'நிஷா பந்த்' எனப்பட்டது. இதனை 'மதுவிலக்கு இயக்கம்' எனப் பெயர்ப்பது பொருளைக் குறுக்குவதாகும். நிஷா என்பது மயக்கம் தரும் அனைத்தையும் தழுவும். தமிழில் 'போதை' அதற்கு நேரானது. ஆயினும் இப்பெயரிலும் குற்றம் போதையே, அடி இல்லை. கணவனுக்கு விதிக்கப்பட்ட தண்டம் குடித்ததற்கா, அடித்ததற்கா என்னும் வினாவுக்குப் பெயரில் விடையில்லை.

1980இல் மணிப்பூர் முழுவதும் கலவரப் பகுதியாக அறிவிக்கப்பட, 1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. இளைஞர்களைத் தேடி வீடு புகும் படையினருக்கு எதிராக அதே பெண்கள் தீப்பந்தம் ஏந்தினர். பெயரும் 'மெய்ரா பைபி' ஆயிற்று. மெய்ரா தீப்பந்தம், பை ஏந்துதல், பி பெண்பால் விகுதி. 'தீப்பந்தம் ஏந்துவோர்' என்னும் தமிழாக்கத்தில் பலர்பால் விகுதி பெண்ணை மறைத்துவிடுகின்றது. 'தீப்பந்தம் ஏந்தும் பெண்கள்' என்பது நீளமெனினும் அதுவே பொருந்தும். (2023 மே மாதம் தொடங்கிய மெய்தேய்–குக்கி மோதலில் இவ்வமைப்பினர் ஆற்றிய பங்கு கடும் விவாதத்திற்குள்ளாயிற்று, அது தனியே ஆராய்தற்குரியது.) தெருவிலிருந்து வரும் ஆபத்திலிருந்து வீட்டைக் காப்பதே முதற்கடமையான பின்னர், வீட்டுக்குள்ளிருக்கும் ஆபத்தைப் பெயரிட்டுச் சொல்வது மேலும் அரிதாயிற்று. மோதலுக்கும் இல்ல வன்முறைக்கும் உள்ள உறவின் முதன்மையான கூறு இதுவே எனலாம். 'மோதலால்' என்னும் ஒற்றைச்சொல் இதனைத் தாங்காது.

மணிப்பூர் அரசு 1991இல் மதுவிலக்குச் சட்டம் இயற்றியது. 2023இல் அதனை ஓரளவு தளர்த்தியது. இடையில், 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி அங்கு 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 37.5 விழுக்காட்டினர் குடிப்பவர்கள். மணமான பெண்களில் 39.6 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அரசே மது விற்கும் தமிழ்நாட்டில் இவ்வெண்கள் முறையே 25.4, 38.1. குடிப்போர் அளவில் பன்னிரண்டு விழுக்காட்டுப் புள்ளி வேறுபட, வன்முறையில் வேறுபாடு இரண்டு புள்ளிகூட இல்லை. போர்ச்சூழலுக்கும் இதே கேள்வி பொருந்தும். அதே ஆய்வு இந்திய அளவில் தரும் மற்றொரு செய்தி இன்னும் தெளிவானது. அடிக்கடி குடித்து வெறிகொள்ளும் கணவனையுடைய பெண்களில் 70 விழுக்காட்டினர் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாயினர்; குடியாத கணவனையுடையோரிலும் 23 விழுக்காட்டினர் ஆளாயினர். முதல் எண் ஓடு உருபின் வலிமையைக் காட்டுகின்றது. இரண்டாம் எண் ஆல் உருபை மறுக்கின்றது.

'குடியோடு சேர்ந்து நிகழும்', 'குடிப்பழக்கம் உள்ள வீடுகளில் மிகுதியாகக் காணப்படும்' என்றாற்போன்ற தொடர்கள் தமிழுக்கு அயலானவையல்ல. சற்று நீளமானவை, அவ்வளவே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ மூன்றாம் பிரிவில் வன்முறையை வரையறுக்கும்போது எதிர்த்தரப்பினரின் செயல், செய்யத் தவறுதல், நடத்தை என்றே தொடங்குகின்றது. அவ்வரையறையில் மது என்னும் சொல்லே இல்லை.