மறதிநோய்ப் பராமரிப்பும் மின்வழிப் பயிற்சியும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

முதுமை மறதிநோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. எனவே இந்நோயைப் பொறுத்தவரை மருத்துவத்தின் பெரும்பகுதி பராமரிப்பே ஆகும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இவர்களை எதிர்கொள்ள வேண்டிய நலப்பணியாளர் அனைவரையும் வகுப்பறைக்கு அழைத்துப் பயிற்றுவித்தல் அரிது. ஆகவே மின்வழிக் கற்றல் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. அத்தீர்வு எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மின்வழிப் பாடங்களின் வலிமை

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2016இல் திருத்திய 'எம்எச்கேப்' வழிகாட்டி, மனநல வல்லுநர் அல்லாத பணியாளர்களுக்கானது. மறதிநோய் அதில் ஒரு தனிப்பிரிவு. பின்னர் அது கைப்பேசிச் செயலியாகவும் வந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாப் பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்திவரும் கட்டணமில்லா இணையப் பாடநெறி மூளை, நோய்கள், மனிதர் என்னும் மூன்று பகுதிகளாக அமைந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்றுவிக்கும் அடுக்குமுறையில் ஒவ்வோர் அடுக்கிலும் பொருள் தேய்ந்துபோகும். மின்வழிப் பாடமோ முதல்வருக்கும் கடைசியாகக் கற்பவருக்கும் ஒன்றாகவே சென்று சேர்கிறது. இவ்வலிமை மறுக்கத்தக்கதன்று.

அளவீட்டில் உள்ள இடைவெளி

பயிற்சியின் பயனை மனநிறைவு, கற்றல், நடத்தை, விளைவு என நான்கு நிலைகளில் மதிப்பிட வேண்டும் என்பது கிர்க்பாட்ரிக்கின் கொள்கை. மின்வழிப் பாடங்கள் எளிதில் அளப்பது முதலிரு நிலைகளையே. சரியான விடையைத் தெரிவு செய்தவர் சான்றிதழ் பெறுகிறார். நோயாளியின் முன் அவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது அளவீட்டுக்குள் வருவதில்லை.

மூதாட்டி ஒருவர் தம் வீட்டில் இருந்துகொண்டே 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்கிறார் எனக் கொள்வோம். அவரைத் திருத்தாமல் அவருடைய தவிப்பை ஏற்றுப் பேச வேண்டும் என்பதே சரியான விடை. திரையில் அவ்விடை ஒருமுறை கேட்கப்படுகிறது. வீட்டிலோ அதே வேண்டுதல் மாலைதோறும் பலமுறை எழுகிறது. அங்கு வேண்டப்படுவது குரலின் நிதானமும் பொறுமையும் ஆகும். அவசரப்படுத்துதல், புறக்கணித்தல், குழந்தையைப் போல் நடத்துதல் ஆகியன நோயாளியின் ஆளுமையைச் சிதைக்கின்றன என்றும், தீய எண்ணம் இல்லாதவர்களே அவற்றைச் செய்கின்றனர் என்றும் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இக்கருத்தை ஏற்றால், நல்லெண்ணத்தையும் அறிவையும் மட்டும் அளக்கும் தேர்வு போதுமானதன்று என்பது பெறப்படும்.

மொழியின் இடம்

தமிழில் கற்பிக்கும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. 'மறதிநோய்' என்னும் சொல் எளிமையானது. ஆயினும் நோயை நினைவிழப்பாகச் சுருக்கிவிடுகிறது. முன்மூளைப் பகுதியைத் தாக்கும் வகையில் நினைவு ஓரளவு நிலைத்திருக்க, நடத்தையே முதலில் மாறுவதுண்டு. மறதியை மட்டும் தேடும் பணியாளர் அத்தகையோரைக் கண்டறியாமல் விடக்கூடும். பெயரின் இக்குறையைப் பாடம் தொடக்கத்திலேயே எடுத்துரைக்க வேண்டும்.

விளிமுறையும் கருதத்தக்கது. ஆங்கிலப் பாடத்தின் முன்னிலைச் சொல் ஒன்றே. தமிழிலோ 'நீங்கள்' என்பது 'நீ' ஆகும் இடத்தில் முதியவரின் மதிப்பு குறையலாம்; உறவினர் வாயில் அதே 'நீ' நெருக்கமாகவும் ஒலிக்கலாம். குழந்தையைப் போல் நடத்துதல் தமிழில் பெரும்பாலும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. மொழிபெயர்ப்புப் பாடம் இதனைக் கற்பிக்க இயலாது. மூலத்தில் இச்சிக்கலே இல்லை.

களமும் பணியாளரும்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளுடன் வீடுகளுக்குச் செல்கின்றனர். முதியவரின் மாற்றத்தை முதலில் காணக்கூடிய வெளியாளர் இவர்களே. இவர்களுக்கு மின்வழிப் பாடம் பயன்தரும். ஆனால் கற்பதற்கான நேரம் பணிநேரத்தில் ஒதுக்கப்படாவிடில், பயிற்சி என்பது கூடுதல் சுமையாகவே முடியும். கண்டறிந்தபின் நோயாளியை எங்கு அனுப்புவது என்பதற்கு விடை இல்லையெனில், கற்ற அறிவு குடும்பத்தாருக்கு அச்சத்தை மட்டுமே தரும்.

முடிவுரை

மின்வழிக் கற்றல் பயிற்சியின் தொடக்கமாகலாம், அதுவே முழுமையாகாது. பாடத்தைத் தொடர்ந்து அனுபவமிக்கவருடன் வீட்டுச் சந்திப்புகள் அமைய வேண்டும். சில மாதங்களுக்குப் பின் நடத்தையை நேரில் நோக்கி மதிப்பிட வேண்டும். உரையாடல் காட்சிகள் தமிழ் வீடுகளிலிருந்தே எழுதப்பட வேண்டும். எத்தனை பேர் பாடத்தை முடித்தனர் என்னும் எண்ணிக்கை திட்ட அறிக்கைக்கு உதவும். திட்டத்தின் பயனையோ, பராமரிக்கப்படும் முதியவர் அன்று எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதைக் கொண்டே அறிய இயலும்.