முட்டை கேட்டு வந்தவர்கள்

படைப்பொன்றைப் பாதியில் விட்டு எழுந்து போனவரைச் சுவையறியாதவர் என்று இகழ்வது திறனாய்வாளர் பலரிடம் ஊறிப்போன வழக்கம். நூலை மூடி வைத்தவர் பொறுமையற்றவர். அரங்கை விட்டு வெளியேறியவர் நயமறியாதவர். ஆனால், எழுந்து போனவருக்கு என் படம் தேவைப்படவில்லை, இறுதிவரை இருந்து பார்த்தவருக்கே அது தேவைப்பட்டது என்ற கருத்துப்படப் பேசிய இயக்குநர் ஒருவர் இருக்கிறார். ஆஸ்திரிய நாட்டுத் திரைக்கலைஞர் மைக்கேல் ஹானெகே என்பார் அவர். 1997ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் காட்டப்பட்ட 'ஃபன்னி கேம்ஸ்' என்னும் அவருடைய படத்தைக் கண்டு பலர் பாதியிலேயே வெளியேறினர். இருந்தவர்களிலும் சினந்தவர் உண்டு, வியந்தவரும் உண்டு. அந்தச் சினமும் வியப்பும் இன்றுவரை ஓயவில்லை. படத்தைவிடப் பார்த்தவர் நெஞ்சமே இங்கு ஆய்வுக்குரியது என நாம் எண்ணுகிறோம்.

கதை மிக எளியது. ஏரிக்கரையில் உள்ள தம் விடுமுறை இல்லத்திற்குக் கணவன், மனைவி, சிறுவனாகிய மகன் மூவரும் வருகின்றனர். அண்டை வீட்டிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு இளைஞன் ஒருவன் முட்டை கேட்டு வாசலில் நிற்கிறான். வெள்ளைக் கையுறை, பணிவான பேச்சு, மிகுந்த மரியாதை. கொடுத்த முட்டைகள் கை தவறி உடைகின்றன; மீண்டும் கேட்கிறான். தொலைபேசி தண்ணீரில் விழுகிறது. இரண்டாம் இளைஞனும் வந்து சேர்கிறான். கொடுப்பதா, வெளியே போகச் சொல்வதா என்று இல்லத்தரசி தடுமாறும் அந்தச் சிறு பொழுதிலேயே வீடு அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் நீங்கள் மூவரும் இறந்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறார்கள். பந்தயத்தில் அவர்களே வெல்கிறார்கள்.

இல்லத்தினுள் அயலார் புகும் அச்சம் திரைக்குப் புதியதன்று. 1909ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இயக்குநர் கிரிஃபித் 'தி லோன்லி வில்லா' என்ற குறும்படத்தில் இதைக் கையாண்டார். திருடர் கதவை உடைக்க முயல்கின்றனர். வெளியூர் சென்ற கணவன் தொலைபேசியில் செய்தி அறிந்து விரைகிறான். உள்ளே நடுங்கும் தாயையும் மக்களையும், வழியில் விரையும் தந்தையையும் மாறி மாறிக் காட்டி, உரிய நொடியில் அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார். 1967இல் வெளிவந்த 'வெயிட் அன்டில் டார்க்' படத்தில் பார்வையற்ற பெண்ணொருத்தி தன் வீட்டு விளக்குகளை அணைத்துப் பகைவனைத் தன்னைப் போலவே இருளில் நிறுத்துகிறாள். அக்கட்டத்தில் திரையரங்குகளிலும் விளக்கொளியைக் குறைத்து மக்களை அலறவைத்தார்கள். அலறினாலும் அவர்கள் மனநிறைவோடு வீடு திரும்பினர். ஏனெனில், காப்பவர் வருவார் என்னும் உறுதிமொழி அப்படங்களின் அடித்தளத்தில் இருந்தது. பார்ப்பவரும் படைப்பவரும் எழுதாமல் செய்துகொண்ட உடன்படிக்கை அது.

ஹானெகே அந்த உடன்படிக்கையைத்தான் கிழித்தெறிகிறார். தொடக்கத்தில் படகினுள் கத்தியொன்று விழுந்து கிடப்பதைக் காட்டுகிறார். அது பின்னர் உதவும் என்று நாம் கணக்கிட்டு வைக்கிறோம். இறுதியில் கட்டுண்ட தாய் அதைத் தேடி எடுக்கும்போது, அவ்விளைஞர் வெகு இயல்பாக வாங்கி நீரில் எறிந்துவிடுகின்றனர். சிறுவன் தப்பி ஓடுகிறான், பிடிபடுகிறான். துப்பாக்கி கிடைக்கிறது, அதில் குண்டு இல்லை. இடையிடையே அவ்விளைஞருள் ஒருவன் நம் பக்கம் திரும்பிக் கண் சிமிட்டுகிறான். நீங்கள் அவர்கள் பக்கம்தானே என்று நம்மையே கேட்கிறான். முகத்தில் அறைந்தாற்போன்ற கேள்வி அது.

இத்தனைக்கும் கொடுஞ்செயல்கள் ஏறத்தாழ அனைத்தும் நம் கண்ணுக்கு அப்பால் நிகழ்கின்றன. சிறுவன் கொல்லப்படும் நேரத்தில் காமிரா அடுக்களையில் இருக்கிறது. ஒருவன் தனக்கு உணவு எடுத்துக்கொண்டிருக்கிறான். அடுத்த அறையிலிருந்து வெடியோசை மட்டும் கேட்கிறது. தாயை ஆடை களையச் சொல்லும் கட்டத்தில் அவள் முகம் மட்டுமே காட்டப்படுகிறது. 'இரத்தம் தோய்ந்த படம்' என்று பார்த்தவர் பலர் சொல்வது வியப்பிற்குரியது. அவர்கள் கண்ட குருதியில் பெரும்பகுதி அவர்தம் கற்பனை சிந்தியதே.

கண்ணால் காண்பவற்றுள் ஒரே ஒரு கொலைதான் விதிவிலக்கு. தாய் துப்பாக்கியைப் பறித்து ஒருவனைச் சுட்டு வீழ்த்துகிறாள். கான் அரங்கில் அப்போது கைதட்டல் எழுந்ததை ஹானெகே பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். அடுத்த நொடியில் மற்றவன் தொலைக்காட்சியின் கைக்கருவியைத் தேடி எடுத்து, நடந்ததையெல்லாம் பின்னோக்கி ஓட்டிவிடுகிறான். இறந்தவன் எழுகிறான், துப்பாக்கி அவள் கைக்கு எட்டாமற் போகிறது. கைதட்டிய அரங்கு வாயடைத்துப் போயிற்று. மனிதன் ஒருவன் சுடப்பட்டதற்குத் தாங்கள் கைதட்டியதை அவர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள் போலும்.

படத்தின் மீது எழுந்த சினத்திற்கு ஊற்றுக்கண் இந்தக் காட்சியே என்பது நம் துணிபு. நம்பிக்கையைக் கொடுத்துப் பறிப்பது ஏமாற்று என்றனர் சிலர். நம் ஆசையின் உருவத்தை நமக்கே காட்டுவது நேர்மை என்றனர் வேறு சிலர். இரு சாராரும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றனர்.

நாம் இப்படத்தை முதன்முறை பார்க்கத் தொடங்கியபோது சிறுவனின் சாவோடு நிறுத்திவிட்டோம். வீட்டினர் உறங்கிய பின் தனியே அமர்ந்திருந்த நமக்குக் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வரத் தோன்றியது. சில திங்கள் கழித்தே முழுமையாகப் பார்த்தோம். ஆகவே, எழுந்து போனவர் கூட்டத்திலும் இருந்து பார்த்தவர் கூட்டத்திலும் நமக்கு இடமுண்டு. இயக்குநர் கூற்றுப்படி, முதல்முறை நலமுற்றிருந்த நாம் அடுத்த முறை நோயுற்றுவிட்டோமா? அப்படி நாம் உணரவில்லை. முதல்முறை நம்மை எழுப்பியது இரக்கம். அடுத்த முறை இருத்தியதும் அவ்விரக்கமே. அந்தத் தாய் தந்தையரை அவ்வறையில் தனியே விட்டு வந்துவிட்டோமே என்ற உறுத்தல் அது.

அறிவாளர் சிலர் பாராட்டிய ஹானெகேயின் தீர்ப்பை இங்குதான் நாம் மறுக்க வேண்டியுள்ளது. விருந்துக்கு அழைத்து இலை போட்டுவிட்டு, ஏன் உண்ண வந்தாய் என்று கடிந்துகொள்வது முறையாகாது. கொடுமையைப் படைத்தவரும் கதவைத் திறந்து அழைத்தவரும் அவர். பார்ப்பவர் பொறுப்பிற்கு ஒரு பங்கு உண்டெனின் படைத்தவர் பொறுப்பிற்கு இரு பங்கு உண்டு. பணிவாகப் பேசி உள்ளே நுழைந்து, பின்னர் நம்மையே குற்றவாளியாக்கும் அவ்விளைஞரின் தன்மை படைப்பாளரிடமும் சற்றுப் படிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

எனினும், இப்படத்தை வெறும் வீம்பு என்று தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. மகன் இறந்தபின் ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் காமிரா அந்த அறையிலேயே நிற்கிறது. தொலைக்காட்சியில் கார்ப் பந்தயத்தின் இரைச்சல். கட்டுண்ட தாய் மெல்ல எழுந்து, தத்தித் தத்திச் சென்று அதை அணைக்கிறாள். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு தந்தையின் அழுகை எழுகிறது; அது மனிதக் குரல்தானா என ஐயுறும்படி எழுகிறது. அத்தம்பதியராக நடித்த உல்ரிஹ் மூஹெயும் சுசானே லோட்டாரும் மெய்வாழ்விலும் கணவன் மனைவியர். எத்தனையோ படங்களில் கொலை நடந்த மறுநொடியே துரத்தல் தொடங்கிவிடுகிறது. துயரப்பட எவர்க்கும் நேரமில்லை. சாவு என்பது ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைக் காட்டிய அப்பத்து நிமிடங்களுக்காகவே இப்படம் நினைக்கப்படும். கண் சிமிட்டலும் கைக்கருவி வித்தையும் அறிவின் விளையாட்டுகள். இதுவோ இதயத்தின் பக்கம்.

2007ஆம் ஆண்டில் ஹானெகே இப்படத்தை ஆங்கிலத்தில், நவோமி வாட்ஸ், டிம் ராத் ஆகியோரைக் கொண்டு, காட்சிக்குக் காட்சி அப்படியே மீண்டும் எடுத்தார். வன்முறையைக் கேளிக்கையாக நுகரும் அமெரிக்கப் பார்வையாளரைச் சென்றடைவதே நோக்கம் என்றார். ஆனால் அவர் தேடிய பெருங்கூட்டம் வரவில்லை. வந்தவரிலும் பலர், திகில் படம் என நம்பி வந்து பாடம் நடத்தப்பட்டதாகச் சலித்துக்கொண்டனர். நோய் தீர்க்க விழைபவர் நோயாளியை முதலில் நேசிக்க வேண்டும். 2012இல் வந்த 'அமூர்' என்னும் படத்தில் ஹானெகே மீண்டும் ஒரு வீட்டினுள்தான் நம்மை அழைத்துச் செல்கிறார். அங்கு முதிய கணவன் மனைவியர் வீட்டில் புகுவது முதுமையும் பிணியும். அங்கே அவர் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டவில்லை. கான் விழாவின் தங்கப்பனை விருது அவரை இரண்டாம் முறையாக வந்தடைந்தது.

பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத்தக்க படமன்று இது, ஐயமே வேண்டா. பெரியவருள்ளும் பார்க்க வேண்டுமென்று எவரையும் நாம் வற்புறுத்தோம். பாதியில் நிறுத்தியவர் நாணத் தேவையில்லை; முழுதும் பார்த்தவரை ஐயுறவும் தேவையில்லை. இனியொரு படத்தில் தீயவன் சுடப்படும்போது நம் கைகள் தாமாகத் தட்ட எழுமாயின், அவற்றை ஒரு நொடி உற்றுப் பார்ப்போமாக. அந்த ஒரு நொடித் தயக்கத்தைக் கற்பித்த அளவில் இப்படம் தன் பணியைச் செய்துவிட்டது.