விருப்பப் பாடமாக மறைநூல்: தாம்பர வட்டாரம் தரும் சான்றுகள்

பொதுப் பள்ளிகளில் மறைநூல்களை விருப்பப் பாடமாக வைத்தல் தகுமா என்னும் வினா அவ்வப்போது எழுந்து அவ்வப்போது அடங்குவது. தகும் என்பார் மாணவர்தம் ஒழுக்கத்தை முன்வைப்பர். தகாது என்பார் அரசமைப்பின் 28ஆம் உறுப்பைக் காட்டுவர். இரு சாராரும் மறைநூலை எவ்வாறு படிப்பிப்பது என்பதைக் குறித்துப் பெரிதும் பேசுவதில்லை. நூலைப் படிப்பிக்கும் முறை பற்றியது ஆதலின் இது தமிழாசிரியர்க்கு உரிய வினா. தாம்பரமும் அதனைச் சூழ்ந்த பல்லாவரம், குன்றத்தூர், திருநீர்மலை முதலிய ஊர்களும் இவ்வினாவிற்குச் சான்றுகள் மிக உடையன. அவற்றைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

சென்னையில் இவ்வழக்குப் பழையது. 1846இல் ஆளுநர் ட்வீடேல் அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக்க முனைந்தார். நகரத்து இந்துக்கள் எதிர்த்தனர். மறு ஆண்டே கம்பெனியின் இயக்குநர் அவை அம்முயற்சியை மறுத்துவிட்டது. 1854ஆம் ஆண்டு வுட் என்பாரின் கல்வி ஆணை ஓர் இடைவழி கண்டது. அரசுப் பள்ளியின் நூலகத்தில் விவிலியம் இருக்கலாம். மாணவன் தானே விரும்பி ஐயம் வினவினால் ஆசிரியர் பள்ளி நேரத்திற்குப் புறம்பே விளக்கலாம் என்பது அவ்வழி. விருப்பம் என்னும் கருத்து நம் கல்வி வரலாற்றுள் நுழைந்த வாயில்களுள் இது ஒன்று எனலாம்.

அரசுப் பள்ளியில் கூடாதது திருச்சபைக் கல்லூரியில் கட்டாயமாயிற்று. 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அதற்கு முன் உயர்நீதிமன்றத்தின் எதிரே இயங்கிய காலத்தில், வில்லியம் மில்லர் தலைமையில் மாணவர் அனைவர்க்கும் விவிலிய வகுப்பை வைத்திருந்தது. மாணவருள் பெரும்பாலோர் இந்துக்கள். மில்லர் மதமாற்றத்தின் எண்ணிக்கையைப் பெரிதாகக் கொள்ளாதவர்; கிறித்தவக் கருத்துகள் சமுதாயத்தில் பரவினால் போதும் என்பது அவர் கொள்கை. ஆயினும் கட்டாயம் கட்டாயமே. விளைவு மட்டும் மில்லர் எதிர்பாராத திசையிற் சென்றது. அக்கல்லூரியிற் பயின்ற சர்வபள்ளி இராதாகிருட்டிணன், கிறித்தவத் திறனாய்வாளர் இந்து சமயத்தின்மீது கூறிய குறைகளே தம்மைத் தம் சமயநூல்களை ஆழ்ந்து கற்கத் தூண்டின என்று பிற்காலத்தில் எழுதினார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி 1908இல் அவர் முதுகலைக்காக எழுதிய ஆய்வு இவ்வாறு பிறந்ததே. பிறர் மறைநூலைப் பயின்றவன் தன் மறைநூலைத் தேடிச் செல்கின்றான். சமயக் கல்வியின் பயனாக நாம் எதிர்பார்க்கத் தக்கது இதனினும் வேறு யாது?

இவ்வாய்விற்கு ஆசிரியராய் இருந்த ஆல்பிரட் ஹாக் பின்னர் 1928 முதல் 1938 வரை கல்லூரி முதல்வராயினார். 1938 திசம்பரில் உலகத் திருச்சபைப் பணியாளர் மாநாடு தாம்பரத்தில் கூடியபோது, கிறித்தவ வெளிப்பாட்டிற்கும் பிற சமயங்கட்கும் தொடர்ச்சி இல்லை என்று கிரேமர் என்னும் டச்சு அறிஞர் வாதிட்டார். பிற சமயத்தாருடைய நம்பிக்கையும் இறைவனோடு மெய்யான உறவுடையதாதல் கூடும் என்று ஹாக் மறுத்தெழுதினார். முப்பதாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் மாணவர் ஆசிரியரிடம் கற்றது போலவே ஆசிரியரும் மாணவரிடம் கற்றார் என்பதற்கு இம்மறுப்பு ஒரு சான்றாகலாம்.

அக்கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் கற்பித்தவர் மறைமலையடிகள். கிறித்தவ நிறுவனத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டே 1905இல் சைவ சித்தாந்த மகாசமாசம் கண்டவர். பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயம் என்னும் நிலை நீங்கி விருப்பப் பாடமானபோது அவர் பணியினின்று விலகிப் பல்லாவரம் சென்றார். விருப்பப் பாடம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர்வில் மதிப்பெண் தராத பாடம், ஆசிரியர் அமர்த்தப்பெறாத பாடம், இறுதியில் எவரும் விரும்பாத பாடமாய்விடும்.

அடிகளாரின் திருவாசக விரிவுரை, மறைநூலைச் சொல்லும் பொருளும் ஆய்ந்து கற்பிக்கும் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவருடைய மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பெருநூலோ அம்முறையின் இடரையும் காட்டுகின்றது. மணிவாசகரை மூன்றாம் நூற்றாண்டினர் என நிறுவ அவர் திரட்டிய சான்றுகள் வியப்பளிப்பன. எனினும் பின்வந்த ஆய்வாளருட் பெரும்பாலோர் ஒன்பதாம் நூற்றாண்டையே கொண்டனர். பத்திமையும் காலவாராய்ச்சியும் முரணும் இடத்தில் வகுப்பாசிரியர் யாது சொல்வார்? இரண்டையும் மாணவர்முன் வைக்க அவர்க்கு உரிமை இல்லையேல், அது பாடமன்று, வழிபாடு.

இராதாகிருட்டிணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49) பட்டப்படிப்பின் முதலாண்டில் சமயச் சான்றோர் வரலாறும், இரண்டாமாண்டில் உலக மறைநூல்களிலிருந்து பொதுமை வாய்ந்த பகுதிகளும், மூன்றாமாண்டில் சமய மெய்யியற் சிக்கல்களும் கற்பிக்கப் பரிந்துரைத்தது. பள்ளிகளையும் கருத்திற்கொண்டு 1959இல் அமைந்த சிறீ பிரகாசர் குழுவும் ஏறத்தாழ இவ்வழியே சென்றது. நோக்கம் உயர்ந்தது, எனினும் பொதுமை வாய்ந்த பகுதி என்னும் அளவுகோல் எமக்கு உடன்பாடன்று. திருமங்கையாழ்வார் பாடிய திருநீர்மலைப் பாசுரங்களிலிருந்து பொதுவான இறைமையை மட்டும் பிரித்தெடுத்தால் எஞ்சுவது யாது? நீர் சூழ்ந்த அம்மலையும், நான்கு திருக்கோலத்தில் இறைவன் காட்சி தரும் நம்பிக்கையும் போயின. எந்த மொழியிலும் எவரும் சொல்லக்கூடிய ஓர் அறிவுரை நிற்கும். தேவாரமும் பாசுரமும் ஊர்ப்பெயரில் உயிர்ப்பன. பொதுமையை நாடுவோர் முதலிற் களைவதும் ஊர்ப்பெயரையே. விருப்பத்தோடு வந்த மாணவனுக்கு நூலின் தனித்தன்மையை மறைப்பது அவனை ஏமாற்றுவதாகும்.

நம் பள்ளித் தமிழ்ப் பாடநூல்கள் இவ்வகையில் நெடுங்காலமாக ஒரு விந்தையான உடன்படிக்கை செய்துள்ளன. தேம்பாவணி, சீறாப்புராணம், இரட்சணிய யாத்திரிகம், பெரியபுராணம், நீலகேசி, மணிமேகலை எல்லாம் இடம்பெறும்; அவை இலக்கியம் என்னும் பெயரால் இடம்பெறும். பிற மாநிலங்களில் காண்டற்கரிய இந்நல்லிணக்கத்தை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் பகுதியை நோக்குக. 2018இல் வெளிவந்த ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் பெரியபுராணம் நீரைப் பற்றிய இயலில், திருநாட்டுச் சிறப்பாக, வயலும் கரும்புமாக வருகின்றது. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் தாம்பரத்திற்கு அணிமையிலுள்ளது. அவ்வூர்ப் பள்ளி மாணவனும் தன் ஊர்ப் புலவரை நீர்வளம் பாடியவராகவே அறிவான். திருநாளைப்போவார் தில்லையில் ஏன் தீயினுள் மூழ்கல் வேண்டும்? புலைமை நீங்கத் தீ வேண்டியதாயின் அப்புலைமையை விதித்தவர் யார்? இவ்வினாவை ஒரு மாணவன் எழுப்ப, ஆசிரியர் நூலைக் கொண்டும் வரலாற்றைக் கொண்டும் விடை கூறும் வகுப்பே மறைநூல் வகுப்பாதற்கு உரியது. பத்தியாளர் இவ்வினாவை அஞ்சுவர். பாடநூற் குழுவினரும் அஞ்சுவர். அதனால் கரும்பு வயல் எஞ்சியது.

சட்டம் இதற்குத் தடையா எனின், அற்றன்று. முழுதும் அரசுப் பொருளால் நடக்கும் நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது. உதவி பெறும் நிறுவனத்தில் ஒப்புதலின்றி எவரையும் அதிற் கலந்துகொள்ளச் செய்தல் கூடாது. ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, அதனை ஆராய்ந்து பயில்வது வேறு என்னும் வேறுபாட்டைக் கோத்தாரிக் குழு (1964-66) தெளிவுறுத்தியது. குருநானக்கின் வாழ்வையும் வாக்கையும் கல்விநெறியிற் பயிலுதல் போதனையாகாது என 1971இலும், சமயங்கள் பற்றிய கல்வி 28ஆம் உறுப்பிற்கு முரணன்று என 2002இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அரசுப் பள்ளியில் இடம் உண்டு. முறைதான் அவ்விடத்தைக் காக்கவோ இழக்கவோ செய்யும்.

பெரிய இடர் வேறொன்று. இலங்கைப் பள்ளிகளில் சமயம் பொதுத் தராதரச் சாதாரண தரத் தேர்வுவரை கட்டாயப் பாடமாக இருந்து வந்துள்ளது. சைவ மாணவர் சைவநெறியையும், இசுலாமியர் இசுலாத்தையும், கிறித்தவர் கிறித்தவத்தையும் கற்பர். ஒரே வகுப்பிலுள்ளோர் அம்மணி நேரத்தில் பிறப்பால் பிரிந்து வெவ்வேறு அறைக்குச் செல்வர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி நிறுவியபோது திருச்சபைப் பள்ளிகளின் நெருக்கடி அதற்குத் தக்க காரணமாய் இருந்தது. ஆனால் அந்நாவலரே பெர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். பிறர் மறையை வரிவரியாக அறிந்தே தம் மறைக்கு வாதாடியவர். அவர் பெற்ற கல்வியை இன்றைய ஏற்பாடு அளிப்பதில்லை. தமிழகத்தில் விருப்பப் பாடம் தொடங்கினும் பெற்றோர் தம் சமயநூலையே தேர்வர். விருப்பம் என்பது பிறப்பின் மறுபெயராய்விடும். ஆகவே ஒருவன் தன் குடும்பத்துச் சமயநூல் ஒன்றையும் பிறிதொரு சமயநூல் ஒன்றையும் இணைத்தே தேர்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. ஒரு நூலிற் சில பாட்டுகளல்ல. ஒரு பகுதி முழுமையாக, உரையுடன்.

இது தமிழ் மரபிற்குப் புதியதன்று. சைவர் எனக் கருதப்பெறும் நச்சினார்க்கினியர் சமணக் காப்பியமாகிய சிந்தாமணிக்கு உரை கண்டார். உ. வே. சாமிநாதையர் அந்நூலை 1887இல் பதிப்பிக்குமுன் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்கள் கொள்கையைக் கேட்டுத் தெளிந்தார். சமணராகவில்லை, சமணத்தைத் திருத்தவும் முற்படவில்லை. அவர் வினவிய வினாக்கள் சொல், பொருள், வழக்கு என்பன பற்றியவை. வினாத்தாளும் அவ்வழியில் அமைக. இறைவன் அருளை விளக்குக என்பது வினாவன்று. இச்சொல்லுக்கு உரையாசிரியர் இருவர் கூறும் பொருள் யாவை, அவற்றுள் எது பாட்டின் நடைக்கு இயைவது, ஏன் என்பது வினா. முதல்வகை வினாவிற்கு நம்பாத மாணவன் பொய்யுரைக்க வேண்டும். இரண்டாவதற்கு நம்புவோனும் நம்பாதோனும் ஒருங்கே உழைக்க வேண்டும். அத்தகைய வினாத்தாளைத் திருத்தத் தக்க ஆசிரியரைப் பயிற்றுவிப்பது தமிழ்த்துறைகளின் கடன். உரைமரபும் சமய வரலாறும் ஒருசேர அறிந்தார் சிலரேனும் ஒவ்வொரு வட்டாரத்திலும் அமையும்வரை இப்பாடத்தைத் தொடங்காதிருத்தலே நன்று.