நல்லா கவனிச்சாச்சு

பெண்ணியக் கோட்பாட்டு நூல்களைத் தமிழாக்கும் நண்பர்கள் ஒரு சின்னச் சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ‘கேர்’. கரோல் கில்லிகனின் நூல் 1982இல் வந்த பிறகு அறவியலில் ஒரு தனிப் போக்கே இந்தச் சொல்லின் மேல் எழும்பிவிட்டது. ஒருவர் ‘அக்கறை’ என்கிறார். இன்னொருவர் ‘பராமரிப்பு’ என்கிறார் (பம்புசெட்டுக்கும் சொல்வது). மூன்றாமவர் ‘பேணல்’ என்று பழந்தமிழுக்குப் போய்விடுகிறார். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் மூன்றாமவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. ஆனால் தாமிரபரணிக் கரையில் இன்றைக்கு யாரும் யாரையும் பேணுவதில்லை. கவனிக்கிறார்கள், பாத்துக்கிடுதார்கள். ‘கவனிப்பு’ என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அது கறைபட்ட சொல் என்பதே அதற்கான காரணம்.

‘அக்கறை’ மனதோடு நின்றுவிடும் சொல். (தெலுங்கில் ‘அக்கர’ என்றால் தேவை, அங்கே தேவையாக இருப்பது இங்கே மனப்பாங்காகிவிட்டது.) ஜோன் ட்ரொன்டோ 1993இல் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்: ஒரு தேவை உண்டென்று உணர்வது, பொறுப்பேற்பது, கையால் செய்வது, பெற்றுக்கொள்வது. முதல் இரண்டும் அதிகாரம் உள்ளவர்களுக்கு, மூன்றாவது கீழே உள்ளவர்களுக்கு என்று சமூகம் பங்கு பிரித்திருக்கிறது என்பது அவருடைய விமர்சனம். மந்திரிக்கு அக்கறை இருக்கிறது. பீத்துணி அலச ஆயா இருக்கிறாள்.

ஆங்கிலத்திலும் அது தூய சொல் அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் துக்கம், கவலை. இன்று நம் வாயில் ‘டோன்ட் கேர்’ இருக்கிறது, ‘டேக் கேர்’ இருக்கிறது, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று அலைக்கழிக்கும் ‘கஸ்டமர் கேர்’ இருக்கிறது. ஹைடெக்கர் 1927இல் மனித இருப்பின் கட்டமைப்பையே ‘ஸோர்கே’ என்றார். பிறர்மேல் காட்டும் அக்கறைக்கு அவர் எடுத்த சொல் ‘ஃபூர்ஸோர்கே’. அன்றாட ஜெர்மனில் அது அரசின் நலஉதவிக்கும் பெயர். பிறர் பாரத்தைத் தானே தூக்கிக்கொண்டு அவரைத் தன் கைக்குள் அடக்குவது ஒரு வகை. அவர் பாரத்தை அவரே எடுத்துக்கொள்ள வழிவிடுவது இன்னொரு வகை. இதை எழுதியவர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். ‘மாமியாக்காரிய மருமவதான் கவனிக்கா.’ ‘கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை நல்லா கவனிச்சாவ.’ ‘ஆளைக் கவனிச்சாத்தான் ஃபைல் நவுரும்.’ ‘ஸ்டேஷன்ல வச்சி நல்லா கவனிச்சிட்டாவ.’ நாலு வாக்கியம், ஒரே வினை. சூழலைப் பொறுத்துப் பொருள் மாறும் என்று சொல்லி மொழியியல்காரர் எழுந்து போய்விடலாம். எனக்குக் கண்ணில் படுவது திசை. மேல்நோக்கிப் போகும் கவனிப்பு பந்தியாகவும் கவராகவும் போகிறது. கீழ்நோக்கி வரும் கவனிப்பு சமயத்தில் கஞ்சியாக வருகிறது, சமயத்தில் லத்தியாக வருகிறது. எது வரும் என்று தீர்மானிக்கும் உரிமை வாங்குகிறவருக்கு இல்லை.

கடைசி வாக்கியத்தை இலக்கணத்தில் எங்கே வைப்பது? போலீஸ்காரர் வாயில் அது குழூஉக்குறி. அடிபட்டவனின் தாயும் அதே சொல்லைத்தான் சொல்கிறாள். அவள் வாயில் அது மங்கலம். சொல்லக் கூடாததைச் சொல்லாமல் சொல்வது. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் நிலையங்களில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் வெடித்தது. புகார் சொன்னவர்கள் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. மங்கலச் சொல் அதற்குமேல் தாங்காது.

1999 ஜூலை 23 இன்னும் பெரிய கணக்கு. கூலி உயர்வும், கைதான தோழர்களின் விடுதலையும் கேட்டு மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தார்கள். தடியடிக்குப் பயந்து ஆற்றில் இறங்கியவர்கள் உட்பட 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை. அந்தத் தொழிலாளர்கள் அதற்கு முன் கவனிக்கப்படாதவர்கள் அல்லர் என்பதுதான் யோசிக்க வேண்டியது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு மலையை வாங்கிய கம்பெனி லைன் வீடு கொடுத்தது, ஆஸ்பத்திரி வைத்தது. வேலை போனால் வீடும் போகும் என்பது அந்தக் கவனிப்பின் நிபந்தனை. 2024இல் ‘விருப்ப ஓய்வு’ என்ற பேரில் அது அமலுக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையில் சொந்தமாக ஒரு வாசப்படி இல்லை. தன் கைக்குள் அடக்கும் கவனிப்புக்கு ஹைடெக்கரைத் தேடிப் போக வேண்டாம், மணிமுத்தாறுக்கு மேலே பஸ் ஏறினால் போதும்.

இலக்கியத்தில் இதை முழுசாகத் தொட்டவர் திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன். 1943இல் வந்த ‘செல்லம்மாள்’. பட்டணத்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, படுத்த படுக்கையான மனைவிக்குச் சமைக்கிறார், மருந்து கொடுக்கிறார், கடைக்கு ஓடுகிறார், திரும்பி வந்து அவள் மூச்சைப் பார்க்கிறார். செத்த பிறகு வெந்நீர் போட்டு அவரே குளிப்பாட்டுகிறார். இதைத் தாம்பத்திய அன்பின் காவியம் என்று உருகிய வாசிப்புகள் நிறைய. எனக்கு அது வேலையின் கதை. அடுப்பு, தண்ணீர், கடன், கடை நேரம் என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் கதை. அவள் உயிர் பிரிந்ததும் அவர் மனதில் ஒரு பாரம் இறங்குவதை மறைக்காமல் எழுதிய துணிச்சல்தான் அதை அழுகாச்சிக் கதையிலிருந்து காப்பாற்றுகிறது. துக்கமும் பாரமும் கவனிப்பும் ஒரே சொல்லுக்குள் கிடந்த அந்தப் பழைய ஆங்கிலம் அங்கே தமிழில் நடக்கிறது.

ஆனால் இரண்டு கேள்விகளை இந்தக் கதையிடம் கேட்காமல் விட முடியாது. இதே வேலையை ஒரு பெண் புருஷனுக்குச் செய்திருந்தால் அது கதையாகியிருக்குமா? வீட்டுக்கு வீடு நடப்பதை எவன் எழுதுவான் என்று விட்டிருப்பார்கள். ஆண் செய்வதால் அது கண்ணில் படுகிறது. இன்னொன்று, செல்லம்மாளின் ஆசை ஊர். ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவருக்கு முடிந்தது வைத்தியம். அவ்வளவு அன்பான மனுஷனுக்கும் அவள் கேட்டதைக் கொடுக்க வக்கில்லை. ஜவுளிக்கடைச் சம்பளம் அதற்கு விடவில்லை. கவனிக்கிறவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்கும் ஒழுக்கவியல் விமர்சனம் இந்த இடத்தில் கையை விரித்துவிடும்.

‘பேணல்’ என்று போடுகிற நண்பர் பிரமநாயகம் பிள்ளைக்கு அந்தச் சொல்லைப் போட்டுப் பார்க்கட்டும். பொருந்தினாலும் பொருந்தலாம். ஸ்டேஷன் வாக்கியத்துக்கு என்ன போடப் போகிறார் என்பதை அவர் எழுதினால் அடுத்த இதழில் சண்டையைத் தொடரலாம்.