ஒன்பது வேஷங்களும் ஒரு மௌனமும்

சிவாஜி கணேசன் ஏற்ற பலவகைப் பாத்திரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், உடனே 'நவராத்திரி' (1964) என்பார்கள். ஒரே படத்தில் ஒன்பது வேஷங்கள்! சாமர்த்தியந்தான், மறுக்கவில்லை. ஆனால் வேஷம் மாறுவது வேறு, மனிதன் மாறுவது வேறு. நாவல் எழுதுகிறவனுக்கு இரண்டாவதில்தான் அக்கறை.

பி. ஆர். பந்துலு எடுத்த இரண்டு படங்களைச் சமீபத்தில் அடுத்தடுத்துப் பார்த்தேன். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) முழுக்கக் குரல். வசனமே வாளாகச் சுழல்கிறது. கெய்ரோ விழாவில் 1960இல் சிறந்த நடிகர் பரிசும் கிடைத்தது. 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படத்தில் அதே மனிதர் வ. உ. சிதம்பரம் பிள்ளையாக வருகிறார். செக்கிழுத்துத் தளர்ந்து சிறையிலிருந்து வெளியே வந்தால், கூட்டமில்லை, மாலையில்லை. நோயுற்ற சுப்பிரமணிய சிவா ஒருவர்தான் நிற்கிறார். அங்கே குரல் உள்ளே இறங்கிவிடுகிறது. தோள்களும் கண்களுமே பேசுகின்றன.

அந்தப் படம் வசூலில் தோற்றது. ஒரு பாட்டுகூட இல்லாத 'அந்த நாள்' (1954) படத்தில் தேசத் துரோகியாக அவர் நடித்தபோதும் அதே கதிதான். அவருக்கு அடக்கமாக நடிக்க வராது என்று பிற்பாடு பலர் குறை சொன்னார்கள், நானும் சொன்னவன்தான். கர்ஜித்தபோது கைதட்டினோம்; தணிந்தபோது கொட்டகைப் பக்கமே போகவில்லை. அவருக்கு எல்லை வகுத்தது அவர் திறமையா, நம் ரசனையா?

'முதல் மரியாதை' (1985) வந்ததும், இவர் புதிய சிவாஜி என்று வியந்தோம். அவர் முன்பே போய் நின்ற இடத்துக்கு, நாம் இருபத்துநாலு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம்.